பழவேற்காடு ஏரிக்கரையில் குடும்பத்தோடு நடக்க: முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் சென்றால், தமிழ்நாட்டில் தொடங்கி ஆந்திரத்துக்குள் நீண்டு கிடக்கும் ஒரு பெரிய உப்பங்கழியின் தென்முனையை அடையலாம். புவியியல் நூல்கள் இதைக் காயல் என்று குறிப்பிட்டாலும் ஊர்க்காரர்களுக்கு இது எப்போதும் ஏரிதான். ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரியான இதன் பெரும்பகுதி ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டுமே நமது திருவள்ளூர் மாவட்டத்தில் சேர்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா தீவு ஒரு நீண்ட வரப்பைப் போலப் படுத்திருக்கிறது. தெற்கில் ஆரணியாறும் வடக்கில் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது.

இந்த ஏரியைப் பற்றிப் புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி, இது ஆழமில்லாதது என்பதாகும். சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் முழங்கால் அளவுகூட இராது. பூநாரைகள் இங்கே ஆயிரக்கணக்கில் வந்து நிற்பதற்கும், பெண்கள் தண்ணீரில் அமர்ந்தபடியே கையால் இறால் பிடிப்பதற்கும், ஒரு காலத்தில் கப்பல் வணிகத்தில் பெயர்பெற்ற ஊர் இன்று அமைதியான மீனவர் ஊராக இருப்பதற்கும் இந்த ஆழமின்மையோடு தொடர்பு உண்டு. கீழே சொல்லப்போகும் நடைகள் எல்லாவற்றிலும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், தனித்தனியாகத் தெரியும் காட்சிகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

எப்போது போவது

டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை மிகப் பொருத்தமான காலம். அக்டோபரிலும் நவம்பரிலும் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கைகளும் திட்டத்தைக் குலைத்துவிடக் கூடும். அதோடு, பெருமழை பெய்தவுடன் ஏரியில் நீர் உயர்ந்துவிடுவதால் பூநாரைகள் காலூன்றி மேய இடமில்லாமல் ஆழம் குறைந்த ஓரங்களைத் தேடி விலகிவிடும்; மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கிய பிறகுதான் அவற்றைச் சாலையோரங்களிலிருந்தே காண முடிகிறது. கோடையை முழுவதுமாகத் தவிர்த்துவிடுங்கள். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காக மே மாதத்தில் அவளையும் என் அம்மாவையும் இங்கே அழைத்து வந்தேன். பதினொரு மணிக்குள்ளாகவே இருவரும் சோர்ந்துபோனார்கள். ஒதுங்க மரநிழல் கிடைக்காமல், பாதி பார்த்த நிலையில் திரும்பினோம். அந்த ஒரு நாளின் அனுபவத்திலிருந்துதான் இந்த வழிகாட்டியின் பெரும்பாலான அறிவுரைகள் பிறந்தன.

நாளின் நேரமும் முக்கியம். காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்கி பத்துக்குள் முடிப்பது ஒரு முறை. பிற்பகல் நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டுமுன் திரும்புவது மற்றொன்று. நடுவில் உள்ள வெயில் நேரத்தைச் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் ஒதுக்குங்கள். எத்தனை ஆர்வம் இருந்தாலும் ஒரு நாளில் ஒரு கரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: தென்கரை ஒரு நாள், வடகரை வேறொரு நாள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் ஏரியை வண்டியின் சன்னல் வழியாகத்தான் பார்ப்பார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை அதிகம் இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் குடிநீர், தொப்பி, சிறு பிள்ளைகளுக்கு மாற்றுடை, மணலிலும் சேற்றிலும் நடக்கத்தக்க, பின்வார் உள்ள செருப்பு ஆகியவை போதும். இருநோக்கி ஒன்று இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அது இல்லாவிட்டால் தொலைவில் நிற்கும் பூநாரைக் கூட்டம் ஒரு வெண்கோடாகவே தெரியும். ஊருக்குள் நுழைந்த பிறகு கழிவறை வசதியை எளிதில் எதிர்பார்க்க முடியாது என்பதால், தென்கரைக்குச் செல்லும் வழியில் பொன்னேரியிலோ வடகரைக்குச் செல்லும் வழியில் சூலூர்ப்பேட்டையிலோ அந்தத் தேவையை முடித்துக்கொண்டு புறப்படுவது முதியவர்களுக்கு நல்லது.

தென்கரை: பழவேற்காடு ஊருக்குள் ஒரு நடை

சொந்த வண்டி இல்லாதவர்கள், சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியில் செல்லும் புறநகர் ரயிலில் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் பழவேற்காட்டை அடையலாம். நேரம் இருந்தால் பொன்னேரியிலேயே அகத்தீசுவரர் கோயிலையும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிடலாம். சித்திரையில் சிவனும் பெருமாளும் எதிரெதிரே வந்து சந்திக்கும் விழாவுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. ஆனால் பிள்ளைகளோடு செல்லும் முதல் பயணத்தில் நேரே ஏரிக்கரைக்குப் போய்விடுவதையே நான் விரும்புவேன்.

பழவேற்காட்டில் இறங்கியதும் முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லுங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இந்தத் தோட்டத்தின் நுழைவாயிலில், இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. சிறு பிள்ளைகள் இவற்றைக் கண்டதும் அஞ்சுவார்கள், அல்லது விலகாமல் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டுக்கும் தயாராக இருங்கள். உலக வாழ்வு நிலையற்றது என்பதை நினைவூட்ட ஐரோப்பியர்கள் அக்காலத்தில் கல்லறைகளில் மண்டையோட்டையும் எலும்பையும் செதுக்குவது வழக்கம் என்று சொன்னால், ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குக்கூடப் புரிந்துவிடும். உள்ளே தரையோடு தரையாகக் கிடக்கும் பெரிய கற்பலகைகளைக் குனிந்து பாருங்கள். பதினேழாம் நூற்றாண்டு டச்சு எழுத்துகள், குடும்பச் சின்னங்கள், பூவேலை ஆகியவை இத்தனை கடற்காற்றுக்குப் பிறகும் விரலால் தடவி வாசிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் தடவ வேண்டாம். அவற்றின் மேல் ஏறி நிற்கவோ அமரவோ பிள்ளைகளை விடவும் வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்துகளின் நிழல் ஆழமாகத் தெரிவதால், இந்த இடத்தை முதலில் பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அங்கிருந்து சற்றுத் தொலைவில் ஜெல்டிரியா கோட்டை இருந்த இடம் இருக்கிறது. மதிலும் கொத்தளமும் உள்ள கோட்டையை எதிர்பார்த்துச் செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இன்று எஞ்சியிருப்பது முட்புதர் மண்டிய ஒரு மேடும் அகழியின் தடமும் மட்டுமே. புதருக்குள் நுழையாமல் ஓரமாக நின்று பார்த்தால் போதுமானது. இந்த மேட்டின் கதையைத் தெரிந்துகொண்டு நின்றால், அந்த நிற்றலுக்குப் பொருள் கிடைக்கும். விஜயநகர அரசின் அனுமதியோடு 1610-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே பண்டகசாலை அமைத்தார்கள். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள் அதைத் தாக்கியதால், 1613-இல் கோட்டை எழுந்தது. சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் தலைமையிடமாக இது 1690 வரை விளங்கியது; பிறகு அந்தத் தகுதி நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. இங்கிருந்து துணி கிழக்கே போயிற்று. அதற்கு மாற்றாக இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கிராம்பும் சாதிக்காயும் வந்தன. மலாய் மக்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் ‘காயின் பெலிகட்’ என்று அழைக்கிறார்கள். அந்தப் ‘பெலிகட்’ நாம் நிற்கும் இந்தப் பழவேற்காடுதான். துணியோடு அடிமைகளாக மனிதர்களும் இந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டார்கள். விவரம் புரியும் வயதுப் பிள்ளைகளிடம் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

கோட்டைக்குப் பிறகு ஆதிநாராயணப் பெருமாள் கோயிலுக்கு நடங்கள். செம்புரைக்கல்லால் எழுப்பப்பட்ட இந்தக் கோயிலில், உள்ளங்கை அளவே உள்ள கற்சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருக்கின்றன. இந்த ஊரில் நான் மிகவும் விரும்பும் இடம் இதுதான். பெரிய சிற்பங்களை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் பிள்ளைகளுக்கு, தங்கள் கண் மட்டத்தில் தங்கள் கையளவில் ஒரு கதை விரிவது தனி மகிழ்ச்சியைத் தருகிறது. என் மகள் குரங்குகளை மட்டும் எண்ணிக்கொண்டே போனாள். அவள் எண்ணிக்கை முடியும் வரை நாங்கள் காத்திருந்தோம். உங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு வேலையைக் கொடுங்கள்: அனுமனைக் கண்டுபிடி, வில்லைக் கண்டுபிடி என்று சொல்லிவிட்டால் அரைமணி நேரம் போவது தெரியாது. அதே ஊரில் சமயேசுவரர் கோயிலும் உண்டு. மரைக்காயர் குடும்பங்களின் பழைய வீடுகள் இருந்த தெருக்களின் வழியாகத் திரும்பி வரும்போது, நிழற்கடிகாரம் வைத்திருக்கும் பள்ளிவாசலையும் விசாரித்துப் பார்க்கலாம். தொழுகை நேரத்தில் இடையூறு செய்யாமல், அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளே செல்வது முறை. போர்ச்சுக்கீசியர் காலத்தில் வேர்விட்ட மகிமை மாதா திருத்தலமும் இந்த ஊரில்தான் இருக்கிறது. இப்படிச் சில தெருக்களுக்குள்ளேயே மூன்று சமயங்களின் வழிபாட்டிடங்களும் அமைந்திருப்பதற்குக் காரணம், இது பல கடல்வழிகள் வந்து கூடிய ஊர் என்பதே.

இந்த நடை முழுவதும் சமதரை. நின்று பார்க்கும் நேரத்தையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஒதுக்கினால் அவசரமில்லாமல் முடியும். முதியவர்களுக்குக் கடினமாக இருந்தால் கல்லறைத் தோட்டத்தையும் பெருமாள் கோயிலையும் மட்டும் பார்த்து, இடையே ஆட்டோவில் செல்லுங்கள். ஊர்ப் பெண்கள் பனையோலையில் முடையும் கூடைகளும் பெட்டிகளும் நினைவுப்பொருளாக வாங்கத் தக்கவை. நெகிழிப் பைக்கு மாற்றாக அன்றே பயன்படும்.

பாலமும் கடற்கரையும்

ஊரிலிருந்து ஏரியைக் கடந்து லைட் ஹவுஸ் குப்பம் பக்கம் செல்லும் பாலத்தில் நடப்பது இரண்டாவது நடை. காலையில் சென்றால் பாலத்தின் மேலிருந்தே ஒரு முழு வேலைநாளைப் பார்க்கலாம். இடுப்பளவு நீரில் வலை இழுப்பவர்கள், மீன் இறக்கும் ஃபைபர் படகுகள், அவற்றைச் சுற்றும் ஆலாக்களும் கடற்காகங்களும் என்று எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். ஆழம் குறைந்த ஓரங்களில், தண்ணீருக்குள் அமர்ந்தவாறே இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைக் காணலாம். பனையோலையில் முடைந்த ‘பறி’ என்னும் பையைப் பல்லால் கடித்துப் பிடித்திருப்பார்கள். கை சேற்றிலிருந்து மேலே வருவதும், இறால் பறிக்குள் விழுவதும், கை மீண்டும் சேற்றுக்குள் போவதும் ஒரே அசைவுபோல நடக்கும். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். கரைக்கு வந்தபின் ‘அக்கா, இன்னைக்கு எப்படி?’ என்று பேசத் தொடங்கினால், பெரும்பாலும் அவர்களே பறியைத் திறந்து பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள்.

இந்த ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மீன்பிடி இடங்களை ஊர்க்காரர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் வழக்கம் இங்கே பல தலைமுறைகளாக இருந்துவருகிறது. இன்று யாருக்கு எந்த இடம் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். நமக்கு வெறும் தண்ணீர்ப் பரப்பாகத் தெரிவது அவர்களுக்கு எல்லை பிரிக்கப்பட்ட வயலைப் போன்றது.

பாலத்தைக் கடந்து சென்றால் கலங்கரை விளக்கமும் அதற்கு அப்பால் கடற்கரையும் வரும். பாலத்திலிருந்து கடற்கரை வரை நடப்பது சிறு பிள்ளைகளுக்கு அதிகம். எனவே பாலத்தை நடந்து கடந்து, மீதியை வண்டியில் செல்வது நல்லது. கடற்கரையில் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குறிப்பாக முகத்துவாரத்தின் அருகே எவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. மேலே அமைதியாகத் தெரிந்தாலும், ஏரிநீர் கடலுக்குள் பாயும்போதும் கடல்நீர் ஏரிக்குள் ஏறும்போதும் அடியில் இழுவை கடுமையாக இருக்கும். மணல்மேடு நாளுக்கு நாள் இடம் மாறுவதால், நேற்று ஆழமில்லாத இடம் இன்று அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

படகுச் சவாரி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. கரையில் நிற்கும்போது எவரேனும் வந்து அழைத்தாலும் ஏறாதீர்கள். மீன்பிடிப் படகு பயணிகளைச் சுமப்பதற்காகக் கட்டப்பட்டதல்ல. பிள்ளைகள் கேட்டு அடம்பிடிப்பார்கள் என்பதால், வீட்டிலிருந்து புறப்படும்போதே ‘இது நடைப்பயணம், படகு கிடையாது’ என்று சொல்லி அழைத்துவாருங்கள்.

வடகரை: சூலூர்ப்பேட்டையும் ஏரிச் சாலையும்

வடகரைக்குச் செல்ல சூலூர்ப்பேட்டையை அடைய வேண்டும். சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர், ரயிலும் உண்டு. ஆந்திரத்துக்குள் இருந்தாலும் தமிழில் பேசிச் சமாளிக்கலாம். காளங்கி ஆற்றங்கரையில் உள்ள செங்காளம்மன் கோயிலை வணங்கிவிட்டு, ஒரு ஆட்டோவோ காரோ அமர்த்திக்கொண்டு ஸ்ரீஹரிகோட்டா சாலையில் கிழக்கே செல்லுங்கள்.

இந்தச் சாலை ஏரியின் குறுக்கே கட்டப்பட்டது. இருபுறமும் தண்ணீர் விரிந்து கிடக்கும். நடந்து கடக்கும் சாலை அல்ல இது. வண்டியை மெதுவாகச் செலுத்தச் சொல்லி, பறவைக் கூட்டம் தெரியும் இடத்தில் ஓரமாக நிறுத்தி, அங்கே இறங்கி இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து, மீண்டும் ஏறுவது என்று பிரித்துக்கொள்ளுங்கள். விண்வெளி மையத்துக்குச் செல்லும் பேருந்துகளும் கனரக வண்டிகளும் வேகமாக வரும் என்பதால், சிறு பிள்ளைகளின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு சாலையின் ஒரே பக்கத்தில் நடக்க வேண்டும். தீவின் வாயிலில் இருக்கும் சோதனைச் சாவடிக்கு அப்பால் பொதுமக்கள் இயல்பாகச் செல்ல முடியாது. அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். 1971-இல் முதல் ராக்கெட் ஏவப்பட்ட அந்தத் தீவு விண்வெளித் துறையின் வசம் இருக்கிறது. ராக்கெட் ஏவும் நாட்களில் சாலையில் கெடுபிடியும் நெரிசலும் அதிகமாக இருக்கும். பறவை பார்க்க வருபவர்கள் அந்தத் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது.

பூநாரைகளைப் பார்க்கும்போது அவசரப்படாமல் ஒரே ஒரு பறவையை ஐந்து நிமிடம் தொடர்ந்து பாருங்கள். அது கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கும்; பிறகு தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகை நீருக்குள் விட்டு, கலங்கிய நீரை உறிஞ்சி வடிகட்டும். அதன் இறகின் இளஞ்சிவப்பு அது உண்ணும் நுண்ணுயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும் சேர்வதால், இளம் பறவைகள் இன்னும் நிறமேறாமல் சாம்பல் பூத்தே இருக்கும். கூட்டத்துக்குள் சாம்பல் நிறக் குஞ்சுகள் எத்தனை என்று எண்ணச் சொன்னால் பிள்ளைகள் இருநோக்கியைத் திருப்பித் தரமாட்டார்கள். அருகே போக ஆசைப்பட்டுச் சேற்றுக்குள் இறங்குவதோ, பறப்பதைப் பார்ப்பதற்காகக் கைதட்டிக் கலைப்பதோ வேண்டாம். தொலைதூரம் பறந்து வந்த பறவை ஒவ்வொரு முறை பதறி எழும்போதும், அது சேர்த்துவைத்த ஆற்றலை வீணாகச் செலவிடுகிறது. பூநாரைகளைத் தவிர நெடுங்கால் உள்ளான், சாம்பல் நாரை, ஊசிவால் வாத்து ஆகியவற்றையும் சாலையோரத்திலிருந்தே காணலாம்.

சூலூர்ப்பேட்டையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே நேலபட்டு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. முதியவர்களோடு வருபவர்களுக்கு வடகரையில் மிக ஏற்ற நடை இதுவே; மரநிழல் உண்டு, பாதை எளிது, வண்டிகளின் தொல்லை இல்லை. நீருக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கின்றன. ஏரியில் இரை தேடும் பறவைகள் இங்கே வந்து குடும்பம் நடத்துகின்றன என்பதால், ஏரிச் சாலையையும் நேலபட்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்ப்பது பொருத்தம்: காலையில் ஏரி, பிற்பகலில் கூடுகள். தாய்ப்பறவையின் தொண்டைப் பைக்குள் குஞ்சு தலையை முழுவதுமாக நுழைத்து மீனை எடுக்கும் காட்சி, காத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும்.

ஏரியின் வடகோடியில் துகராஜபட்டினம் என்னும் கடற்கரை ஊர் இருக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களை மீறிக் காலூன்ற முடியாத ஆங்கிலேயர்கள், 1626-இல் இதன் அருகே, ஆறுமுகம் என்பவரின் பெயரால் ‘ஆர்மகான்’ என்று அவர்கள் அழைத்த இடத்தில் பண்டகசாலை வைத்தார்கள். அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த பிரான்சிஸ் டேதான் பின்னர் தெற்கே வந்து, 1639-இல் சென்னைக்கு அடித்தளமான இடத்தைப் பெற்றார். முதல் பயணத்தில் அவ்வளவு தொலைவு செல்லத் தேவையில்லை. இரண்டு கரைகளையும் பார்த்து முடித்து, பிள்ளைகள் மறுபடியும் போகலாம் என்று கேட்கும் மூன்றாவது முறைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.